உட்காராமல் சாப்பிட்டவள்

ஆம்பூர்க்காரர்களிடம் போய், பிரியாணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். என் பெயர் ஃபீபி. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியன். சொல்வதையெல்லாம் நோயாளிகள் தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு நேராக எதிர் பேக்கரிக்குப் போய் பப்ஸ் வாங்குவார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். மத்தியானம் நானும் அங்கேதான் வாங்குவேன் என்பதால் கோபித்துக்கொள்ள வழியில்லை.

யார் வந்தாலும் முதலில், நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். எல்லோரும் பொய் சொல்வார்கள். பருமனான பெண்கள், "தண்ணி குடிச்சாலே வெயிட் போடுது மேடம்" என்பார்கள். காற்றடித்தால் விழுந்துவிடுவதுபோல் இருப்பவர்கள், "எல்லாமே நல்லா சாப்பிடறேன்" என்பார்கள். முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு ஜம்பம். எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த அஃப்ஷாவுக்கு அதைப் பெரிய வித்தைபோலச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் பெண் தொழிலாளர்களுக்கு ரத்தசோகை முகாம் நடத்த எங்களை அழைத்தார்கள். கேண்டீனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குடியாத்தத்திலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் விடியுமுன்னே கம்பெனி பஸ் பிடித்து வருகிறவர்கள். நான் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் மைக்கைப் பிடித்தேன். கீரை, பேரீச்சை, சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"பெண்கள் காலைச் சாப்பாட்டை மட்டும் ஒருநாளும்" என்றேன். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது என் தலை ஒரு பெண்ணின் மடியில் இருந்தது. அவள் பெயர் பில்கிஸ், தையல் பிரிவில் இருப்பவள். அவள் விரல்களில் பசை வாசம் அடித்தது. சுற்றி நின்றவர்களில் ஒருத்தி சோடா என்றாள், ஒருத்தி வெங்காயத்தை முகரக் கொடு என்றாள், ஒருத்தி மாசமா இருப்பாங்க என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று அவர்களை விலக்கிவிட்டு, பில்கிஸ் என்னிடம் குனிந்தாள். "காலைல இன்னா சாப்ட்டீங்க மேடம்?"

"இட்லி" என்றேன்.

அவர்களுக்காக எடுத்துப்போன கருவியிலேயே என் விரலைக் குத்திப் பார்த்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டு. அன்றைய முகாமில் அதற்குக் கீழே யாருக்கும் இல்லை. ஃபேக்டரி ஹெச்.ஆர். சூரியபிரகாஷ், நான் விழுந்ததைச் செயல்முறை விளக்கம் என்று நினைத்து முதலில் கைதட்டினாராம். பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும் வழியில் காரில் அஃப்ஷா மெதுவாக ஆரம்பித்தாள்.

"மேடம், இட்லி எத்தினி?"

"மூணு."

"தொட்டுக்க?"

"சாம்பார்."

"எங்க உக்காந்து சாப்ட்டீங்க?"

இந்தக் கேள்வியை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வீட்டு டைனிங் டேபிளில் கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. அது எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் என்பது வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று காலை நான் சாப்பிட்டது என் மகள் ஜெமிமா தட்டில் மிச்சம் வைத்த கால் இட்லி. சிங்க் முன்னால் நின்று வாயில் போட்டுக்கொண்டு அதே கையோடு தட்டைக் கழுவினேன். அப்புறம் டீ, அது ஆறிப்போனதால் இன்னொரு டீ. சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஃப்ஷா சிரிக்கவில்லை.

"மாச மாசம் ப்ளீடிங் எப்பிடி மேடம்?" என்றாள்.

"ஜாஸ்திதான். எல்லாருக்கும் அப்படித்தானே."

என் நோயாளி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் பாடம் நடத்தியிருப்பேன். அடுத்த நாள் அஃப்ஷா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போனாள். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் பார்க்கலாம் என்றார் டாக்டர். கூடவே இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றைக் கட்டிப்போடும் மாத்திரை அது. "போகப் போகப் பழகிடும்" என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பழகவில்லை. அவர்கள் அத்தனை பேரும் பாத்ரூம் வாசலில் என் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை, எல்லோருக்கும் வைத்துவிட்டு நானும் டேபிளில் உட்கார்ந்தேன். என் கணவர் ஷாஜின் காட்பாடியில் பள்ளி ஆசிரியர். இட்லியைப் பிட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"உடம்பு முடியலையா?"

"சாப்பிடறேன்."

"அதான், என்ன ஆச்சு?"

ஜெமிமா தண்ணீர் கேட்டாள், எழுந்தேன். குக்கர் விசில் அடித்தது, எழுந்தேன். ஷாஜின் ஒன்றும் கேட்கவே இல்லை, அவருக்காகவும் எழுந்தேன். உட்கார்ந்து சாப்பிடுவது இவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே ஃபேக்டரிக்குப் போனோம். கூட்டம் போன முறையைவிட அதிகம். நான் மறுபடி விழுவேனா என்று பார்க்கப் பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று பில்கிஸ் சொன்னாள். இந்த முறை கீரையைப் பற்றிப் பேசவில்லை. காலையில் எங்கே வைத்துச் சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். பஸ்ஸில், அடுப்படியில் நின்றபடி, தெருக்குழாயில் குடம் நிரம்புவதற்குள் என்று ஒவ்வொன்றாக வந்தது.

"நான் வந்து சாப்ட்டுக்கலாம்னு டிபன் எடுத்தாந்தேன். இங்க வந்ததும் மெஷின் லைன் ஸ்டார்ட் ஆய்டுது, எங்க சாப்பிடறது?" என்றாள் பில்கிஸ்.

பின்னால் நின்ற சூரியபிரகாஷ் அதைக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து லைன் ஓடத் தொடங்குமுன் கேண்டீனைத் திறந்துவைத்தார்கள், சுண்டலும் கொடுத்தார்கள். சுண்டல் ஒரு மாதத்தில் பிஸ்கெட்டாகிவிட்டது. கேண்டீன் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. பில்கிஸ் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் மெஷினுக்குப் போகிறாளாம்.

எனக்கு இப்போது ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டிருக்கிறது. காலையில் சட்னி ஷாஜின் அரைக்கிறார். பாதி நாள் உப்பு போட மறந்துவிடுகிறார். எழுந்து போய் எடுத்துவர எனக்குக் கால் பரபரக்கும். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "உப்பு" என்பேன். அவர் எழுந்து போவார். டப்பா எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து கேட்பார்.