பழைய ரத்தம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பேய் கீய் என்று யாராவது ஆரம்பித்தாலே, "போய்ப் பொழப்பைப் பாருங்கடி" என்று விரட்டுகிற ஆள் நான். ஆனால் அந்தப் பூனையை இதோ இந்தக் கையால் தொட்டிருக்கிறேன்.

இது என் ஓரகத்திக்கு நடந்தது. அதாவது, என் கொழுந்தனின் மனைவிக்கு. விலங்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. நாயோ பூனையோ, அதன் ரத்தத்தை மெஷினில் ஓட்டி, எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று டாக்டருக்குச் சொல்லவேண்டும். வீட்டில் அவளுக்கு லேப்காரி என்றே பெயர். காபியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

அவளுக்கு ஒரே பெண், ஐந்து வயது. சுண்டு என்று கூப்பிடுவோம். சுண்டுவுக்கு உயிர் பட்டாணி. பட்டாணி ஒரு கடுவன் பூனை. இரண்டும் நகமும் சதையுமாக இருந்தன.

அந்தப் பட்டாணிக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. கடுவன் பூனைகளுக்கு வருகிற வியாதிதான். அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது ஏறிக்கொண்டே போனால் இதயம் நின்றுவிடும். டாக்டர் குழாய் போட்டு, டிரிப் ஏற்றி, கூண்டில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு லீவுதான். இருந்தாலும் சாயந்திரம் வந்து ஒரு தடவை ரத்தம் பாரும்மா. பொட்டாசியம் இறங்கியிருந்தா பொழச்சுக்கும்" என்று சனிக்கிழமை சொல்லியிருந்தார்.

வீட்டிலோ வேறு ரகளை. பட்டாணி மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து சுண்டு சோற்றைத் தொடவில்லை. ஊட்டினால் துப்பினாள். காய்ச்சல் வேறு கொதித்தது. குழந்தை வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள். ஞாயிறு மாலை லேப்காரி கிளம்பும்போது சுண்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டு வருவியாம்மா?"

"வரேன்டி கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

பெற்றவள் வேறென்ன சொல்வாள்?

ஆறு பத்துக்கு மருத்துவமனையைத் திறந்தாள். ஆள் அரவமே இல்லை. வார்டுக்குப் போனாள். பட்டாணியின் கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே துணி மட்டும் இருந்தது. தப்பித்து எங்கே போயிருக்கும் என்று மேஜைக்கு அடியில் எல்லாம் தேடினாள்.

"மியாவ்…"

சத்தம் லேபுக்குள்ளிருந்து வந்தது. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பட்டாணி. பூட்டிய அறைக்குள் எப்படி வந்தது? அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு அது தோன்றவேயில்லை. குழாயையும் காணோம். அதையும் பிடுங்கிப் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற பூனை அது. பிடிக்க மூன்று பேர் வேண்டும். அன்று தானாகவே முன்னங்காலை நீட்டியது. ரத்தம் மெதுவாக வந்தது. கறுப்பாக வந்தது. எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து நீலப் பட்டை ஒட்டினாள்.

மெஷின் பத்து நிமிடம் ஓடியது. பிறகு எண்கள் வந்தன.

பொட்டாசியம் அளவு தாண்டிவிட்டது, காட்ட முடியவில்லை என்றது மெஷின். சர்க்கரை… பூஜ்யம்.

"சனியன் பிடிச்ச மெஷின்" என்று திட்டினாள். விடை தெரிந்த மருந்து ஒன்று இருக்கும், மெஷின் சரியா என்று பார்க்க. அதை ஓட்டினாள். எல்லாம் சரியாக வந்தது.

இன்னொரு கால். இன்னொரு ஊசி. இன்னொரு நீலப் பட்டை. இந்த முறை சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உடம்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரத்தம் கதகதப்பாக இருக்கவேண்டும்.

அது சில்லென்று இருந்தது.

ஆறு ஐம்பது. அதே எண்கள். சர்க்கரை பூஜ்யம்.

அடைப்பு இருந்தால் பொட்டாசியம் ஏறும், சரி. ஆனால் இவ்வளவு ஏறினால் இதயம் எப்படித் துடிக்கும்? சர்க்கரை சொட்டுகூட இல்லாமல் எது எழுந்து உட்காரும்? இந்த இரண்டு எண்களும் சேர்ந்து எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். உயிர் போய்ப் பல மணி நேரம் ஆன உடம்பில் வரும்.

எதிரே பட்டாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

உர்ர்… உர்ர்…

வெள்ளை மேஜையில் ஏதோ கறுப்பாகத் துள்ளியது. குனிந்து பார்த்தாள். தெள்ளுப்பூச்சி. ஒன்று… இரண்டு… பத்து. பட்டாணியின் மேலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

சூடு ஆறிய உடம்பில் தெள்ளுப்பூச்சி தங்காது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அச்சான இரண்டு தாளையும் கிழித்துப் போட்டாள். "நீ நல்லாத்தான்டா இருக்கே" என்று அழுதுகொண்டே பூனையைப் பையில் வைத்தாள். காலமெல்லாம் எண்களை நம்பியவள், அன்று அந்த எண்களை நம்பமாட்டேன் என்று வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்தது நான்தான். "பட்டாணி!" என்று சுண்டு கட்டிலிலிருந்து குதித்தாள். ஒரு தட்டுச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றாள். வீட்டுக்கே உயிர் வந்தது. நானும் ஆசையாகப் பூனையைத் தூக்கினேன்.

"என்னடி, ஐஸ்கட்டி மாதிரி இருக்கு?"

"ஏசியிலயே இருந்துச்சுக்கா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுண்டுவும் பூனையும் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்து அறையில். சுவர் வழியாகக் கேட்டது. உர்ர்… உர்ர்… எப்போதோ நின்றது. அப்பாடா என்று புரண்டு படுத்தேன்.

மறுபடி ஆரம்பித்தது.

கொஞ்சம் கனமான குரலில்.

காலையில் குழந்தையை எழுப்பாமல் லேப்காரி வேலைக்குப் போய்விட்டாள். எட்டே கால் மணி இருக்கும், மருத்துவமனை வாசலிலேயே கம்பவுண்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம்.

"மன்னிச்சுக்கம்மா… நேத்து மத்தியானமே போயிடுச்சு. லீவு நாள்ல சொல்லி மனசை நோகடிக்க வேண்டாம்னு… உள்ள வச்சிருக்கேன்."

குளிர்பெட்டியைத் திறந்தார். பையைப் பிரித்தார்.

பட்டாணி. விறைத்துக் கிடந்தது. டாக்டர் போட்ட குழாய் அப்படியே இருந்தது.

இரண்டு முன்னங்காலிலும் நீலப் பட்டை.

"இதை யாரு ஒட்டினது? நான் வைக்கும்போது இல்லையே…" என்றார் கம்பவுண்டர்.

எனக்கு போன் வந்தது.

"அக்கா… பூனை எங்க?"

"குழந்தைகூடத்தான். ரெண்டும் இன்னும் எழுந்திருக்கல."

"போர்வையை எடு."

"என்னடி ஆச்சு?"

"எடுக்கா!"

எடுத்தேன்.

சுண்டு மட்டும் இருந்தாள். கையையும் காலையும் மடக்கிச் சுருண்டு… ஜன்னல் சாத்தியிருந்தது. கதவும் சாத்தியிருந்தது. பூனை இல்லை.

நெற்றியைத் தொட்டேன்.

சில்லென்று இருந்தது.

கண்ணைத் திறந்து சிரித்தாள். "பசிக்குது பெரியம்மா."

லேப்காரி ஓடி வந்தாள். அலறியடித்துக்கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிப் போனோம். அவர் சிரித்தார். "காய்ச்சல் விட்டுடுச்சு. இதுக்கா இந்த அழுகை? எதுக்கும் ஒரு ரத்தம் பார்த்துடலாம்." என் மடியில் வைத்துத்தான் எடுத்தார்கள். குழந்தை சிணுங்கக்கூட இல்லை. எடுத்த கையோடு நானே அடுத்த தெரு லேபில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த லேபிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம், இந்த ரத்தம் எப்ப எடுத்தது? ரொம்ப நேரம் வெளியில வச்சிருந்தீங்களா? பொட்டாசியம் தாறுமாறா காட்டுது. சர்க்கரை சுத்தமா இல்லை. ரெண்டு தடவை ஓட்டிட்டோம்…"

லேப்காரி என் கையிலிருந்து போனை வாங்கினாள். முழுவதும் கேட்டாள். குரல் நடுங்கவே இல்லை.

"ஆமாங்க. அது பழைய ரத்தம். தெரியாம குடுத்துட்டாங்க. கீழ ஊத்திடுங்க."

போனை வைத்துவிட்டு வந்து, சுண்டுவை இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் ரிப்போர்ட் வாங்கப் போகவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. சுண்டு பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். இன்றுவரை அவள் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்க அவள் அம்மா யாரையும் விட்டதில்லை.