வாய் திறக்காத எம்.பி.யும் வராத மாலையும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் எம்.பி. சங்கரன்கோவிலுக்கு வந்தார். கூட்டம் இருந்தது, கொடி இருந்தது... மாலை மட்டும் இல்லை!

எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் மாலை கோமதிநாயகம் அண்ணாச்சியின் பூக்கடையிலிருந்துதான் போகும். அந்த அண்ணாச்சியே 'கிடையாது' என்று சொல்லிவிட்டார். காரணம்? அடியேன்தான்.

அண்ணாச்சியின் கவலை ரயில். மெட்ராஸ் ரயில் எங்கள் ஸ்டேஷனில் நிற்பது இரண்டே நிமிடம். பத்துக் கூடை மல்லிகை மொட்டு கொண்டுபோனால் ஆறு ஏறும். நாலு பிளாட்பாரத்திலேயே பூத்துச் சிரிக்கும். இன்னும் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லிப் பார்லிமென்டில் கேளுங்கள் என்று எம்.பி.யிடம் மனு கொடுத்தார். கேட்டாரா என்று கண்காணிக்கும் வேலை எனக்கு. நான் இங்கிலீஷ் பேப்பர் வாங்குகிறேனே! வாங்குகிறவன் படிப்பான் என்ற நம்பிக்கை.

படித்தேன் ஐயா. கூட்டத்தொடர் முழுக்க, வரி விடாமல். யார் யாரோ எழுந்தார்கள், கத்தினார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். நம்மவர் பெயரைக் காணோம். காலண்டரில் தினம் ஒரு முட்டை போட்டேன். முட்டை ஒரு டஜனைத் தாண்டியதும், இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் 'நம் எம்.பி. டெல்லியில் மௌன விரதம்' என்று எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை, மாலையை நிறுத்திவிட்டார்.

எம்.பி. விசாரித்துக்கொண்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். ஓடலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு ஜீப்!

"என்ன அண்ணாச்சி, எம் மேல கோவமா?"

"நீங்க அங்கன வாயே தொறக்கலியாம்லா? இந்தா நிக்காரே, இவருதான் எழுதுனாரு."

எம்.பி. பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். "வாயத் தொறந்து கேட்டாத்தான் கேள்வியா? மூணு வாரத்துக்கு முன்னாலயே எழுதிக் குடுத்தேன். பதிலும் எழுத்துல வந்திருக்கு. சாருக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே... வாசிக்கட்டும்."

வாசித்தேன். கேள்வி பிரமாதம் — சங்கரன்கோவில், மல்லிகைக் கூடை, இரண்டு நிமிடம், எல்லாம் இருந்தது. 'அ) நேரம் கூட்டப்படுமா? ஆ) ஆம் எனில், எப்போது?' கீழே மந்திரியின் பதில்: 'அ) இல்லை. ஆ) கேள்வி எழவில்லை.'

எழுதிக் கொடுக்கும் கேள்வியில் சத்தம் கிடையாது. சத்தமில்லாததைப் பேப்பர்காரன் அநேகமாகப் போடமாட்டான். இது இந்த மேதாவிக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவனை விட்டுவிட்டு, மைக் பிடித்தவனை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். நாம் எல்லோருமே அப்படித்தானோ?

அண்ணாச்சி எழுந்தார். யாரோ ஒரு மாப்பிள்ளைக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த மாலையை எடுத்து எம்.பி. கழுத்தில் போட்டார்.

"ரயில் கூடுதலா நிக்காதுன்னுதானே பதில் வந்திருக்கு, அண்ணாச்சி?" என்றேன் மெதுவாக.

"அதுக்கு அவரு என்ன வே செய்வாரு? நம்ம கூடையை டெல்லியில அச்சுல ஏத்திட்டாருல்லா! அடுத்த கூட்டத்துலயும் கேப்பாரு. கேப்பீயள்லா?"

எம்.பி. மாலைக்குள்ளிருந்து தலையாட்டினார்.

அண்ணாச்சி தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"ஏன் வே... ரெண்டு நிமிஷம் நிக்க முடியாதுன்னு சொல்லதுக்கு, மூணு வாரமா யோசிச்சிருக்காவ?"