பேர்பெச்சுவா அக்காவும் அமெரிக்க ஜனாதிபதியும்

பேர்பெச்சுவா அக்காவை எட்டு வருடம் என் காரில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பிந்தி வந்ததில்லை. ஒரு நாள்கூட நான் சொன்ன அரசியலை ஒப்புக்கொண்டதுமில்லை.

இருவருக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் படை முகாமில் வேலை. நான் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவினேன். அவர் தையல் அறையில் சிப்பாய்களின் சீருடைக்குப் பெயர்ப்பட்டி தைத்தார். சட்டைப் பைக்கு மேலே வலப்பக்கம் ஆளின் பெயர், இடப்பக்கம் படையின் பெயர். நாளொன்றுக்கு நாற்பது சட்டை. அவர்களில் ஒருவனுடைய முகமும் அவருக்குத் தெரியாது, பெயர்கள் மட்டும் தெரியும்.

யாழ்ப்பாணத்து இளவாலையில் பிறந்தவர். எண்பத்தெட்டில் கணவரோடு இங்கே வந்தார். கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மாதத்தின் முதல் வெள்ளி பாவசங்கீர்த்தனம், ஞாயிறு பூசை, வெள்ளி மாலையில் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் கூடும் செபமாலை. அந்தச் செபமாலைக்கு அவர்தான் தலைவி. நற்கருணையை நாக்கில்தான் வாங்குவார். ஜெர்மன்காரர் கையை நீட்டி வாங்குவதைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாண்கடையில வாங்குறமாதிரி வாங்குதுகள், தம்பி. இந்த நாடு உருப்படுமோ?"

இந்த நாடு உருப்படாது என்பதற்கு அவரிடம் இன்னொரு பலமான சான்றும் இருந்தது. அப்போது ஜெர்மனியின் பிரதமராக இருந்தவர் பதவியேற்றபோது கடவுள் பெயரைச் சொல்லாமல் விட்டவர். அமெரிக்க ஜனாதிபதியோ விடியற்காலையில் வேதம் வாசிக்கிறார், மந்திரிசபை கூடினால் முதலில் செபம் சொல்கிறார், கருவை அழிப்பதற்கு எதிராகப் பேசுகிறார். அவர் வேறு சபையைச் சேர்ந்தவர், மாதாவை வணங்காதவர் என்பதை மட்டும் அக்கா பெரிய மனதுடன் மன்னித்திருந்தார். ஜனாதிபதி தலைகுனிந்து செபிக்கும் படம் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்தார். அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் நடுவில் அந்த மனிதர் அடக்கமாக இருந்தார்.

நான் சைவன். அதுவும் திருவிழாவுக்குத் திருவிழா கோயில் போகிற சைவன். இளவயதில் இடதுசாரிக் கூட்டங்களில் கை தட்டிய பழக்கம் மிச்சமிருந்தது. ஈராக் பேச்சு எழுந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எல்லாம் எண்ணெய்க்குத்தான், அக்கா."

"எண்ணெய் இல்லாமல் உம்மட கார் ஓடுமோ?"

"எங்கட இயக்கத்தையும் இந்த அமெரிக்காதானே தடைசெய்தது?"

"அது முந்தினவர் செய்த வேலை. அந்தாள் செய்த மற்ற வேலையளும் தெரியும்தானே. இவருக்கு எங்கட பிரச்சினையை ஒருத்தரும் சரியாச் சொல்லேல்லை. சொன்னால் விளங்கும். கடவுளுக்குப் பயந்த மனிசன்."

இப்படித்தான் ஒவ்வொரு காலையும் போய்க்கொண்டிருந்தது. அவரை வெல்லும் எண்ணம் எனக்கு இருந்ததாகச் சொல்லமாட்டேன். காலைச் சாலை நெரிசலுக்கு வானொலியைவிட அக்கா மேல்.

2003ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில்தான் அவருக்கு முதல் இடி விழுந்தது. பாப்பரசர் போர் வேண்டாம் என்றார். சொன்னதோடு நில்லாமல் வாஷிங்டனுக்குத் தூதரையும் அனுப்பினார். விபூதிப் புதனன்று சமாதானத்துக்காக உலகம் முழுவதும் ஒருசந்தி நோன்பு இருக்கும்படி கேட்டார். அக்காவின் நிலைமை மத்தளம்போல் ஆயிற்று, இரண்டு பக்கமும் அடி. பாப்பரசர் சொல்லைத் தட்டுவது அவருடைய வாழ்க்கையில் நடக்காத காரியம். ஜனாதிபதியைக் கைவிடவும் மனம் வரவில்லை.

ஒருசந்தி இருந்தார், தண்ணீரும் ஒரு துண்டுப் பாணும் மட்டும். வெள்ளிக்கிழமை செபமாலையில் கொறற்றி கேட்டேவிட்டாள். செபமாலை அவள் வீட்டில்தான் நடக்கும். துடுக்குக்காரி.

"அக்கா, பாப்பரசர் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ? அந்தப் படத்தை இன்னும் வைச்சிருக்கிறியளாம்."

என்னைத் தவிர வேறு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? நான் மீன் ரோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செபம் முடிந்தபின் கிடைக்கும் ரோல்ஸுக்காகத்தான் நான் அக்காவைக் கூட்டிப்போய், முடியும்வரை காத்திருப்பது.

அக்கா அசையவில்லை. "பிதா எண்டால் சமாதானம் எண்டுதான் சொல்லவேணும். ராசா எண்டால் வாள் எடுக்கவும் வேணும். ரெண்டும் வேற வேற வேலை, பிள்ளை. பிதா சொல்லுறதுக்கு நான் ஒருசந்தி இருக்கிறன். ராசா செய்யிறதுக்கு நான் தைக்கிறன்."

நான் இதுவரை கேட்ட போர் ஆதரவுப் பேச்சுகளில் நேர்த்தியானது அதுதான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் அவர் நிம்மதியாக இல்லை. செபமாலையின் முடிவில் பாப்பரசரின் கருத்துக்காக, அதாவது அவர் வேண்டுவது நிறைவேற, ஒரு பரலோக மந்திரமும் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்வது வழக்கம். அந்த இடம் வந்தால் அவருடைய குரல் இறங்கிவிடும், எப்போது முடியும் என்பதுபோல் ஓட்டமாக ஓடும்.

தைக்கிறேன் என்று அவர் சொன்னதன் முழு அர்த்தம் இரண்டு கிழமை கழித்துத்தான் வெளியே வந்தது.

தபசு காலம் தொடங்கியதிலிருந்து தையல் அறைக்கு மணல் நிறச் சீருடைகள் மலைபோல் வந்தன. பாலைவனத்துக்குப் போகிறவர்களுடையவை. அக்கா ஒவ்வொரு பெயர்ப்பட்டியிலும் மூன்று ஓரத்தைத் தைத்துவிட்டு, நாலாவதை மூடும் முன் உள்ளே ஒரு மாதா பதக்கத்தை விட்டிருக்கிறார். நகத்தளவு அலுமினியப் பதக்கம். ஆவணி மாதம் கேவலார் மாதா கோயில் யாத்திரைக்குப் போகும்போதெல்லாம் பை நிறைய வாங்கி, சுவாமியாரிடம் மந்திரித்துக் கொண்டுவந்து வைத்திருந்தவை. ஒரு பட்டிக்கு ஒரு பதக்கம், ஒரு அருள்நிறை மந்திரம். கடவுள் பெயரைச் சொல்லிப் போருக்குப் போகிறவர்களுக்குக் கடவுளின் தாய் எப்படி இடைஞ்சலாவார் என்பது அவருடைய கணக்கு.

ஒரு சிப்பாய் சட்டைக்கு இஸ்திரி போடும்போது பெயருக்கு நடுவே வட்டமாக ஏதோ எழும்பியது. பிரித்துப் பார்த்தான். மாதா. அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்ற அத்தனை பேரும் தங்கள் நெஞ்சைத் தடவிப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவன் தனக்குக் கிடைக்கவில்லை என்று தையல் அறைக்கே போய்க் கேட்டான். ஆனால் மூன்று பேர் எழுத்தில் முறையிட்டார்கள். ஒருவர் யூதர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் மாதாவின் பெயரையே கேட்க விரும்பாத சபையைச் சேர்ந்தவர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணைக்கு வரும்படி அக்காவுக்கு டெர்மின் வந்தது. அந்த வெள்ளிக்கு முதல் நாள்தான் போர் தொடங்கியிருந்தது.

"நீரும் வாரும், தம்பி. என்ர ஜெர்மன் கடைக்குக் காணும், விசாரணைக்குக் காணாது."

காரில் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார். இனிமேல் எதையும் வைக்கமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்பார்கள், அறையில் இருக்கும் சட்டைகளையெல்லாம் பிரிக்கச் சொல்வார்கள். மறுத்தால் வேலை போகும். ஐம்பத்தேழு வயதில் இன்னொரு தையல் வேலை கிடைக்காது.

"கையெழுத்து வைக்கமாட்டன். வைச்சுப்போட்டு ஒளிச்சுத் தைச்சால் அது பாவம். தைக்காமல் இந்தப் பிள்ளையளை அனுப்பவும் ஏலாது."

"அப்ப வேலை?"

"போனால் போகட்டும்."

தையல் அறைக்குப் பொறுப்பான திருமதி ப்ரூனர் ஜெர்மன்காரி. மெலிந்த, ஒழுங்கான பெண்மணி. விதியை வாசித்தார்: படையில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள், ஒருவருடைய உடையில் அவருக்குத் தெரியாமல் மதச் சின்னம் வைப்பது குற்றம். தாளை முன்னால் தள்ளினார். கடவுளை நம்புகிறோம் என்று காசிலேயே அடித்து வைத்திருக்கும் நாடு இப்படியும் ஒரு விதி வைத்திருக்கும் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. இரண்டு தரம் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டார் திருமதி ப்ரூனர். கேள்வியில் கோபம் இல்லை.

"காவலுக்கு" என்றார் அக்கா. கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்தார். அதில் கறுத்து, ஓரம் வளைந்த ஒரு பதக்கம். "இது என்ர தங்கச்சி நேசமலரின்ர கழுத்தில கிடந்தது."

அதுவரை நாலு வருடமாகப் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர். ஒரு தங்கை இருந்ததே எனக்குத் தெரியாது.

"அவர் படையில் இருந்தாரா?"

நான் மொழிபெயர்த்தேன். அக்கா தலையை ஆட்டினார்.

"இல்லை. சின்னப்பிள்ளையளுக்குப் படிப்பிச்சவள். தொண்ணூற்றஞ்சில சனமெல்லாம் கோயில் வளவுக்குள்ள ஓடினது. கோயில் எண்டால் குண்டு போடமாட்டாங்கள் எண்டு நினைச்சுதுகள். பிளேன் வந்து போட்டுது. அவளுக்கு முகம் இல்லை. இதை வைச்சுத்தான் அவள் எண்டு கண்டவை."

இதை ஜெர்மனில் சொல்வதற்கு எனக்கு நேரம் எடுத்தது. பாத்திரம் கழுவுகிறவனுக்குத் தெரிந்த ஜெர்மன் அதற்குப் போதாது. திருமதி ப்ரூனர் பதக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல், அப்படியென்றால் இது அவரைக் காப்பாற்றவில்லையே என்றார்.

அதை மொழிபெயர்க்காமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டேன்.

"காப்பாத்தேல்லை" என்றார் அக்கா. "அவள் கீழயெல்லோ நிண்டவள். மேல இருந்தவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அவன்ர தாயும் பன்சாலைக்குப் போய், புத்தரைக் கும்பிட்டு, கையில நூல் கட்டித்தான் அனுப்பியிருப்பாள்..."

அங்கே நின்றுவிட்டார். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாததால் நிறுத்தினாரா, சொன்னது தன் காதிலேயே விழுந்ததால் நிறுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு அப்பால் யாரோ தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கையிலிருந்த பதக்கத்தைப் பார்த்தார், திரும்பவும் சட்டைக்குள் போட்டார்.

"பேனையைத் தாங்கோ" என்றார்.

கையெழுத்து வைத்தார். தையல் அறைக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த நூற்றெண்பது சட்டைகளிலும் பெயர்ப்பட்டியின் ஓரத்தைத் தன் கையாலேயே பிரிக்கத் தொடங்கினார். உதவிக்கு ஆள் தருகிறேன் என்று திருமதி ப்ரூனர் சொன்னதற்கு வேண்டாம் என்றார். நான் பின்னேரம் கூட்டிப்போக வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையப் பதக்கங்களோடு காரில் ஏறினார். வழி நெடுக டின்னை மடியில் வைத்து மூடியை அழுத்திப் பிடித்திருந்தார். எனக்கு அன்று அவரோடு சண்டை பிடிக்க ஆசையாக இருந்தது. வானொலியைப் போட்டேன்.

கொறற்றி வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பாக்தாத் எரிந்தது. கட்டடங்களுக்கு மேலே நெருப்பும் புகையும் தெரிந்தன, ஆட்கள் தெரியவில்லை. கொறற்றி அதை அணைக்கப் போனாள். சத்தத்தை மட்டும் நிறுத்து என்றார் அக்கா. படம் ஓடிக்கொண்டிருக்கச் செபமாலை சொன்னார்கள். ஐந்து தேவ இரகசியமும் முடிந்து பாப்பரசரின் கருத்து வந்தது. இந்த முறை அவருடைய குரல் இறங்கவில்லை, ஓடவும் இல்லை. முடிந்ததென்று எல்லாரும் முழங்காலிலிருந்து எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"கீழ நிக்கிறவைக்காக ஒரு அருள்நிறை மந்திரம்."

"ஆருக்கு அக்கா?" என்று கொறற்றி கேட்டாள். "எங்க கீழ?"

"பிளேனுக்குக் கீழ" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி முழங்காலில் நிற்கும்வரை காத்திருந்தார்.

பேர்பெச்சுவா அக்கா அன்றோடு மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மை அப்படி இல்லை. அடுத்த வருடத் தேர்தலில் ஜனாதிபதியை எதிர்த்தவர் ஒரு கத்தோலிக்கர். பூசைக்குப் போய்க்கொண்டே கருக்கலைப்புச் சட்டத்தை ஆதரிக்கிறவன் பூசைக்குப் போகாதவனைவிட மோசம் என்று சொல்லி, அக்கா பழைய ஆளின் பக்கமே நின்றார். அவர் வென்ற செய்தி கேட்டு எனக்கு ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்து தந்தார். என்னை வெறுப்பேற்றத்தான். ஈராக்கில் கைதிகளை வதைத்த சிறைச்சாலைப் படங்கள் வெளிவந்தபோது, ராசாவுக்குத் தெரியாமல் சேவகர்கள் செய்தது என்றார். மெஷினுக்கு மேலே இருந்த படமும் அப்படியே இருந்தது. அந்த அருள்நிறை மந்திரமும் நின்றுபோகவில்லை. வெள்ளிக்குவெள்ளி, கடைசியில், ஒன்று. சிலர் அதற்கு முன்பே எழுந்து சப்பாத்துப் போடத் தொடங்கிவிடுவார்கள். கொறற்றிகூடச் சில வெள்ளிகளில் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். அக்கா தனியாகச் சொல்லி முடிப்பார்.

2006 ஆவணியில் ஊரில் பேச்சுவார்த்தை முறிந்து பிளேன்கள் மறுபடி வன்னிக்கு மேலே வந்தன. கொறற்றியின் கூடப்பிறந்த அக்கா குடும்பம் அங்கே இருந்தது. நாலு நாளாகத் தொலைபேசி கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை செபமாலை முடிந்து பாப்பரசரின் கருத்தும் முடிந்தது. ஒருவரும் எழவில்லை. பேர்பெச்சுவா அக்கா வாயைத் திறக்க முன்னமே, தரையைப் பார்த்தபடி கொறற்றி தொடங்கினாள்.

"கீழ நிக்கிறவைக்காக..."

மேலே சொல்ல அவளால் ஏலவில்லை. மிச்சத்தை அக்கா சொன்னார். அன்று நானும் முழங்காலில் நின்றேன்.