கழித்துப் போட்ட பிறை

குறை கண்டுபிடிப்பதுதான் வக்கார் அகமதுவுக்கு வேலை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறார். பதனிடும்போது குரோம் ஏறி நீலச்சாம்பல் நிறத்தில் வரும் ஈரத்தோலை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். முள் கிழித்த கோடோ உண்ணி கடித்த புள்ளியோ, எதுவும் அந்தக் கைக்குத் தப்பாது. "செகண்ட்", "ரிஜெக்ட்" என்பவைதான் பகல் முழுக்க அவர் அதிகம் சொல்லும் சொற்கள்.

தொழுகையிலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நெற்றி தரையில் பட்டதுமே உள்ளே ஒரு குரல் கேட்கும்: இது மனசிலிருந்து வந்ததா, பழக்கத்தில் வந்ததா? பழக்கம்தான். கழி. ரமலானில் கையேந்தி துஆ கேட்கும்போது இரு பக்கமும் ஆட்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள். இவர் வறண்ட கண்ணோடு நிற்பார். இறைவன் இல்லை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தன்னிடம் மட்டும் அவன் வரவில்லை என்று நினைத்தார். அது இன்னும் வலித்தது.

இந்த வருடம் மனைவி பக்ருன்னிசாவிடம் சொல்லியேவிட்டார். "நோன்பு வெப்பேன். ஆனா ராத்திரி தராவீஹ் தொழுகைக்கு மசூதிக்குப் போமாட்டேன். அழறவங்க நடுவுல நிக்க வெக்கமா இருக்கு."

"வீட்ல தொழுதா மட்டும் மனசு வந்துருமா?" என்றாள் அவள்.

ரமலானுக்கு முந்தைய ஷாபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு, இல்லாவிட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும். காலையிலிருந்தே மூட்டம். சூரியன் மறைந்ததும் தொழிற்சாலையிலேயே மஃரிப் தொழுதுவிட்டு, மழைக்கு முன்னால் காய்கிற தோல்களை எடுக்க மொட்டைமாடி ஏறினார் வக்கார். கூடவே ஃபினிஷிங் பிரிவு பக்தவச்சலமும் வந்தார்.

"பாய், உங்க ஆளுங்க எல்லா மாடியிலயும் நிக்கிறாங்க. நீங்க இன்னா, தோலையே பாத்துட்டு இருக்கீங்க?"

"இந்த மூட்டத்துல இன்னா தெரியும்? அந்த முனையப் புடி."

தோளில் ஒரு கட்டோடு வக்கார் நிமிர்ந்தார். மேற்கே ஓரிடத்தில் மேகம் விலகியிருந்தது. அந்த இடைவெளியில் வானம், அன்றாடம் அவர் மேசையில் கிடக்கும் தோலின் நிறத்தில், அதே ஈரத்தோடு வழவழவென்று இருந்தது. நடுவில் நகத்தால் இழுத்ததுபோல் வெள்ளையாய் ஒரு கோடு.

"கீறல். ரிஜெக்ட்," என்றார் வாய்விட்டு.

"எது பாய்?"

கட்டு தோளிலிருந்து சரிந்து விழுந்தது. "யா அல்லாஹ்! பிறை! பக்தா, பிறைடா!"

பக்தவச்சலம் திரும்புவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. "எங்க? எனக்கு ஒன்னும் தெர்ல. நான் பாத்திருந்தா மட்டும் உங்க ஜமாத்துல ஒத்துப்பாங்களா? ஓடுங்க பாய், தோல நான் பாத்துக்குறேன்!"

வக்கார் ஓடினார். கேட்டருகே நின்ற தன் பைக்கையே மறந்து, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் புகுந்து ஓடினார்.

மசூதியில் ஜமாத் தலைவர் அப்துல் சமதும் இமாமும் போனை நடுவில் வைத்துக் காத்திருந்தார்கள். எந்த ஊரிலிருந்தும் தகவல் இல்லை. மூட்டமான நாளில் நம்பகமான ஒருவர் பார்த்தேன் என்றாலே ரமலான் தொடங்கப் போதும்.

"நீயா?" அப்துல் சமத் சிரித்துவிட்டார். "மசூதியில விரிக்கப் புதுப் பாய் வாங்கினா அதுலயும் நூல் பிரிஞ்சிருக்குன்னு சொல்ற ஆளாச்சேப்பா நீ!"

இமாம் சிரிக்கவில்லை. "ஆசையா தேடினா மேக ஓரம்கூட பிறையாத் தெரியும். ஊரே நோன்பு வெக்கப்போகுது. உறுதியா சொல்றீங்களா?"

'ஒருவேளை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு நன்றாகப் பழகிய சொல் அது.

"நான் தேடவே இல்ல ஹஸ்ரத்," என்றார். மூச்சு வாங்கியது. "கீறல்னு நெனச்சு கழிச்சுட்டேன். கழிச்ச அப்புறம்தான் இன்னான்னு தெரிஞ்சுது. என் ஆசை காட்டல. அதுவா வந்துச்சு. பாத்தேன். அல்லாஹ் மேல ஆணையா பாத்தேன்!"

கடைசிச் சொல் கத்தலாகவே வந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது பிறையைப் பற்றித்தான். ஆனால் அது பிறையோடு நிற்கவில்லை. இத்தனை காலமும் தன் மனதையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மாடியில் அந்தக் கணம் மனம் என்று ஒன்று இருந்ததே நினைவில்லை. வானம்தான் இருந்தது. இதை ஞானம் என்பது அதிகம். நடுவில் நின்று தரம் பிரித்துக்கொண்டிருந்த ஆள் கொஞ்சம் விலகினார், அவ்வளவுதான்.

இமாம் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். ஒலிபெருக்கி அறிவித்தது. தெருவே ஆரவாரித்தது. வக்காரின் போன் அடித்தது.

"கேட்டீங்களா? யாரோ தோல் கம்பெனிக்காரர் பாத்தாராமே!" பக்ருன்னிசாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"நான்தான்!"

"நீங்களா? சும்மா சொல்லாதீங்க!"

"நான்தான்மா! வந்து சொல்றேன். தராவீஹ் முடிய நேரமாகும்."

மறுமுனையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இரவின் இஷா தொழுகைக்கு வரிசை நின்றது. இமாம் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கும்வரை வக்கார், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், மேகம் எந்தப் பக்கமாக விலகியது என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார்.