தோல் சட்டை போட்ட கம்ப்யூட்டர்கள்

ஆம்பூரில் ஒரு சின்னக் கல்வி அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்து அங்கே கம்ப்யூட்டர் படிக்க வருவார்கள்.

செயலாளர் தோல் வியாபாரத்தில் இருந்தவர், எழுபது வயது. வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. தூசு என்றால் ஆகாது. கம்பெனியில் கழித்த தோலை வாங்கி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சட்டை தைத்துவிட்டார். திரைக்கு மட்டும் ஜன்னல். ஓடும்போதும் கழற்றக்கூடாது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி அளவெடுத்திருக்க மாட்டார்கள்.

சூடு தாங்காமல் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி அணைந்தன. பெண்களுக்குப் பரீட்சை வந்தது. நடுவில் அணைந்தால் டைப் அடித்ததெல்லாம் போய்விடும்.

"சட்டையைக் கழட்டிடுங்க சார். அதுக்கு மூச்சு முட்டுது" என்று முதல் நாள் செயலாளரிடம் சொன்னேன்.

"இன்னாப்பா பேசுற? இதே தோலை மாடு ஆயுசுக்கும் போட்டுனு திரிஞ்சுது. அதுக்கு முட்டலியா?"

"மாட்டுக்கு நாளைக்குப் பரீட்சை இல்ல சார்."

முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சட்டைகள் கழன்றிருந்தன. பரீட்சை முடியும்வரை அவர் பனை விசிறியோடு ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் விசிறினார். ஒன்றுகூட அணையவில்லை. பெண்கள் வேர்வையைத் துடைத்துத் துடைத்து அடித்தார்கள். அவர்கள் பக்கம் ஒரு வீச்சுகூட வரவில்லை.

எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. அவர் வயதில் அவ்வளவு நேரம் விசிற என் கையால் முடியாது.