டிஸ்ப்ளே கட்டும் மல்லிகாவின் கால்களும்

1. திரும்பி வந்த பெட்டி

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு பெண்மணி நேராக என்னிடம் வந்து பெஞ்சில் ஷூ பெட்டியை வைத்தார். உள்ளே கணுக்கால் வரை மூடும் கறுப்பு ஹை டாப் ஷூ ஒரு ஜோடி, அதன் மேல் சாக்ஸ். சாக்ஸின் குதிகால் பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது.

“நீதானேண்ணே இத்த குட்த்த. பத்து நாளு முன்னாடி. நெனப்பு கீதா?”

இருந்தது. அம்பத்தூரில் ஷூ விற்று இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. முகம் மறந்தாலும் கால் மறப்பதில்லை. இவருடையது மேல்பாதம் நன்றாக மேடு தட்டிய கால். பெயர் மல்லிகா, வீடு கள்ளிக்குப்பம். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் சரக்கு எடுத்து அடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தார். அங்கே தள்ளுவண்டிகள் காலில் இடிக்கும் என்று கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம்.

“காலைல பூந்தா சாயந்தரம் வரைக்கும் நடதான். பதினோரு மணிக்கே வெரலு மரத்துப் போவுது. குதிகாலு தோலு உரிஞ்சி போச்சி. நேத்து தாங்க முடியாம கயட்டி வச்சிட்டு வெறுங்கால்ல நின்னுகினு இருந்தேன், சூப்பர்வைசரு பாத்துட்டாரு. ட்ரெயலு முடிய இன்னும் ஆறு நாளு கீது. இன்னொரு தபா ஷூ இல்லாம பாத்தா கேட்டோட திரும்பிப் போய்டுன்ட்டாரு.”

வேறு ஜோடி வாங்க அவருக்கு வழியில்லை. அதை அவர் சொல்லவில்லை, பையைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

மேனேஜர் தேனிக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர். எட்டிப் பார்த்துவிட்டு, “போட்டு நடந்த ஷூண்ணே, எடுக்க முடியாது. நீங்களே பக்குவமா சொல்லி அனுப்பிருங்க,” என்று உள்ளே போய்விட்டார். பக்குவமாகச் சொல்லவேண்டியது எல்லாம் என் தலையில்தான் விடியும்.

2. நான் செய்து வைத்த வேலை

ஷோகேஸில் இருக்கும் ஷூவுக்கு நாங்கள் போடுவது டிஸ்ப்ளே கட்டு. லேஸ் ஏணிப்படி மாதிரி நேர் நேராக இருக்கும். முடிச்சே தெரியாது, இரண்டு நுனியையும் ஷூவின் நாக்குக்கு அடியில் சொருகி மறைத்துவிடுவோம். கண்ணாடிக்குள் இருக்கும் ஷூவுக்கு அது சரி, அதில் கால் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, “அதே மாதிரி கட்டிக் குடுங்க.” நாங்களும் கட்டிக் கொடுத்து அனுப்புவோம்.

மல்லிகா போட்டுப் பார்த்த அன்று மேலே அழுத்துகிறது என்றார். கடிக்கிறது என்றால் ஒரு நம்பர் ஏற்றிக் கொடு, இதுதான் எங்கள் கடைகளில் காலம் காலமாக நடப்பது. லேஸைத் தொடக்கூட மாட்டோம். நானும் ஏற்றிக் கொடுத்தேன். நடந்தது இதுதான்: ஷூ பெரிதானதால் குதிகால் வழுக்கியது. வழுக்குகிறதே என்று அவர் லேஸை இறுக்கினார். இறுக்க இறுக்க மேல்பாதம் நசுங்கி விரல் மரத்தது. குதிகால் அப்போதும் வழுக்கியது, தோல் உரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் உறைத்தது. கடையில் நிற்கிறவர்கள் கடைச் சரக்கைத்தான் போட வேண்டும், அதுவும் டிஸ்ப்ளே கட்டோடு. என் வலது கால் கட்டைவிரல் பல மாதமாக மரத்துத்தான் கிடந்தது. சுகர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் நம்பாமல், சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

3. தரையில் உட்கார்ந்து

முட்டி மடக்கென்று சத்தம் போட, தரையில் உட்கார்ந்து லேஸ் முழுவதையும் உருவினேன்.

“அய்ய, இன்னாண்ணே மொத்தமா உருவுற? பாக்க நல்லா இல்லாம பூடும்.”

“கால்ல ரத்தம் வருது, உனக்கு அழகு கேக்குதாம்மா?”

“ஆமா. அழகா கீதுன்னுதானே இத்த எட்த்தேன். இல்லாங்காட்டி குடோன் வாசல்லியே ஒரு தடி ஷூ விக்கிறானே.”

அவர் சொன்னதும் நியாயம்தான். முதலில் ஷூவுக்குள் இன்சோல் அட்டை வைத்துப் பெரிய சைஸைக் கொஞ்சம் அடைத்தேன். குதிகாலைப் பின்பக்கம் ஒட்டத் தட்டி உட்கார வைத்தேன். கீழ் மூன்று ஓட்டை விரல் அசைகிற அளவுக்குத் தளர்வு. மேல்பாதம் மேடு தட்டும் இடத்தில் லேஸைக் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றினேன். மேட்டின் மேல் இப்போது லேஸே இல்லை. கணுக்கால் மடங்கும் இடத்தில் இரண்டு முறுக்கு கொடுத்து இறுக்கினேன். குதிகாலைப் பிடிப்பது அந்த முறுக்குதான். அதற்கு மேலே மறுபடி தளர்வு, கடைசி ஓட்டை காலி. இரண்டு காலிலும் இடைவெளி ஒரே இடத்தில் வரும்படி பார்த்துக்கொண்டதால், வேண்டுமென்றே வைத்த டிசைன் மாதிரி இருந்தது. நுனியை உள்ளே சொருகாமல் சின்ன முடிச்சாகப் பக்கவாட்டில் விட்டேன்.

குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கடைக்குள் பத்து நடை நடந்தார். வாசல் படி ஏறி இறங்கினார். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“புடிச்சிகினு கீது, ஆனா நசுக்கல,” என்றார். ஆறு நாள் தாங்குமா என்பது எனக்கே தெரியாது.

4. ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வாரம் முழுக்கக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிறு, நல்ல கூட்டத்தில் வந்தார். காலில் அதே ஷூ, அதே கட்டு.

“வேல நிலைச்சிட்ச்சிண்ணே. கூட கீற பொண்ணுங்க, இன்னாடி இது புது ஸ்டைலுன்னு கேக்குதுங்க.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் கண் என் காலுக்கு இறங்கியது.

“இன்னாண்ணே, எனக்கு மட்டும் மாத்திக் குட்த்துட்டு நீ அப்டியே கீற?”

மாற்றாததற்குக் காரணம் இரண்டு. மேனேஜர் ஏதாவது சொல்வார் என்பது பாதி. அடுத்தவர் காலைப் பிடித்துப் பிடித்து, என் காலை நினைக்கவே சலிப்பு என்பது மீதி. வாடிக்கையாளர் பெஞ்சில் நாங்கள் உட்காரக் கூடாது. அன்று உட்கார்ந்தேன். அவ்வளவு கூட்டத்திலும் இரண்டு ஷூவின் லேஸையும் உருவி, அவருக்குக் கட்டிய மாதிரியே கட்ட ஆரம்பித்தேன்.

மேனேஜர் வந்தார். “என்னண்ணே இது?”

“லேஸ் கட்றேன் சார்.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பில் போடப் போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சைஸ் கேட்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்பீர்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க ஆரம்பிக்க இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

சில வாரம் கழித்து, படியில் இடித்துக்கொண்டபோது கட்டைவிரல் சுரீரென்று வலித்தது. பல மாதம் மரத்துக் கிடந்த விரல் அது. பிறகு டீக்கடைக்குப் போய், சர்க்கரை தூக்கலாக ஒன்று போடச் சொன்னேன்.