அக்காவின் சவர்க்காரத் துண்டு

எஹலியகொடையில் அக்கா வீட்டில் தலையைக் காட்டிவிட்டு, பிள்ளைகள் ஒரு மாதமாக நச்சரித்த நீர்ப்பூங்காவுக்குப் போய்விடுவது என்றுதான் பலாங்கொடையிலிருந்து வேன் பிடித்தோம். “பத்து நிமிசம்தான்க்கா” என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் பெட்டியை எடுக்கப் பையைத் திறந்தேன். துவாய்களும் நீச்சல் உடுப்புகளும் வெளியே விழுந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

“ஏன்டா, என்னய பாக்க வந்தியா, தண்ணியில குதிக்க வந்தியா?” என்றாள் அக்கா. நான் துவாய்களை அள்ளிப் பையில் திணித்தேன். அவளோ கதவைப் பூட்டிவிட்டு வந்து, வேனில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பூங்காவில் என் மனைவியின் மாற்று உடுப்பைப் போட்டுக்கொண்ட அக்கா, பெரிய சறுக்கில் ஏறுமுன் தன் பையிலிருந்த சவர்க்காரத் துண்டை எடுத்துக் கால்களில் தேய்த்தாள். றப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். அட்டைக்குப் பயந்து, சவர்க்காரம் பூசாமல் ஈரத்தில் கால் வைக்கமாட்டாள்.

“இங்க ஏதுக்கா அட்ட?” என்று சிரித்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. மேலிருந்து அம்பாகப் பாய்ந்து வந்து, கீழே நின்ற என்னையும் சாய்த்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தாள். பிறகு பிள்ளைகளும் சவர்க்காரம் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மாலையில் வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு, அவளை வீட்டில் விட றப்பர் மரங்களுக்கிடையே நடந்து போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் என் கணுக்காலில் ரத்தம். கொழுத்த அட்டை ஒன்று.

அக்கா அந்தச் சவர்க்காரத் துண்டை என் கையில் வைத்தாள்.

“அட்ட கூட வந்தா பத்து நிமிசத்துல போகாதுடா. உள்ள வா, சாப்பிட்டுட்டுப் போ.”